கேம் நடுவில் கொம்பியூட்டர் அணைகிறதா? சுவரிலிருந்து தொடங்குங்கள்

படம் பார்த்தால் அணையாது. பிள்ளைகளின் ஸூம் வகுப்பும் ஒழுங்காக ஓடும். கேமைத் திறந்து பத்து நிமிடம் போவதற்குள் பட்டென்று இருட்டு. இந்த முறைப்பாட்டோடு கடைக்குப் போனால், மட்டக்களப்பு டவுனானாலும் சரி கல்முனையானாலும் சரி, பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். "விண்டோஸ் அடிச்சுப் பார்ப்பம்" (திரும்ப இன்ஸ்டால் செய்வது), இல்லாவிட்டால் "போர்ட் போயிட்டு தம்பி" (மதர்போர்ட் பழுது). முதலாவது பல நேரம் வீண் வேலை, இரண்டாவது பல நேரம் வீண் செலவு. கேசிங்கைத் திறக்கும் முன்பே, காசு செலவில்லாமல், பாதிக் காரணங்களைக் கழித்துவிடலாம். அதற்கான ஒழுங்குதான் இது.

கேமில் மட்டும் ஏன் அணைகிறது? சும்மா இருக்கும்போது ஒரு சாதாரண கேமிங் கொம்பியூட்டர் 60, 80 வாட்டிலேயே காலம் தள்ளும். கேம் தொடங்கியதும் கிராபிக்ஸ் கார்டும் பிராசசரும் சேர்ந்து 300 வாட்டைத் தாண்டிவிடும். வெறும் பெட்டியோடு லேண்ட்மாஸ்டர் உழவு மெஷின் எந்த மேட்டிலும் ஏறும். நெல் மூட்டை ஏற்றினால்தான் எஞ்சினின் வண்டவாளம் தெரியும். சொக்கெட், யூ.பி.எஸ் பட்டரி, பவர் சப்ளை (சுவர்க் கரண்டை மாற்றி உள்ளே கொடுக்கும் பெட்டி), காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட் (பிராசசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பசை) என்று எது தளர்ந்திருந்தாலும் அது வெளியே வருவது பாரம் ஏறும்போதுதான்.

முதலில், எப்படி அணைகிறது என்று பாருங்கள்

"அணையுது" என்ற ஒரே சொல்லுக்குள் நாலைந்து வேறுபட்ட கோளாறுகள் இருக்கின்றன. அடுத்த முறை அணையும்போது திட்டிக்கொண்டு பட்டனை அமுக்காமல் கொஞ்சம் கவனியுங்கள்.

பிளக்கைப் பிடுங்கியதுபோல் ஃபேன், லைட் எல்லாம் ஒரே நொடியில் நின்றால் அது கரண்ட் பக்கத்துப் பிரச்சினை, அல்லது கடும் சூடு. அணைந்த கையோடு தானாகவே திரும்ப எழும்பினாலும் சந்தேகம் அதே பக்கம்தான், ஆனால் ராமையும் (மெமரி) பிராசசரையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். திரை மட்டும் கறுத்து, ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்து, கேமின் சத்தமும் கேட்டால் கிராபிக்ஸ் கார்டையோ அதன் டிரைவரையோ (கார்டை இயக்கும் மென்பொருள்) பாருங்கள். நீலத் திரை வந்தால் அதிலுள்ள எழுத்தை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று மிக முக்கியம். அணைந்த பிறகு பட்டனை அமுக்கினால் உடனே எழும்புகிறதா? எழும்பாமல் அடம்பிடித்து, பவர் சப்ளையின் பின்பக்க சுவிட்சை ஓஃப் பண்ணிக் கொஞ்சம் பொறுத்துப் போட்டால் மட்டும் எழும்பினால், பவர் சப்ளைக்குள் இருக்கும் பாதுகாப்பு வேலைசெய்து தன்னைப் பூட்டிக்கொண்டிருக்கிறது. இந்த அடையாளம் தெளிவாக இருந்தால் நீங்கள் கீழே பவர் சப்ளைப் பகுதிக்கு நேராகவே போகலாம்.

அறையில் லைட்டும் சேர்ந்து போனால், அதாவது வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுந்தால், கதை வேறு. எங்கோ கரண்ட் ஏர்த்துக்குக் கசிகிறது. அது எலக்ட்ரீஷியனின் வேலை, யூடியூப் பார்த்துச் செய்யும் வேலை இல்லை.

விண்டோஸ் எழுதிவைத்த குறிப்பு

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து ஈவன்ட் வியூவரைத் திறங்கள். விண்டோஸ் லொக்ஸ், அதற்குள் சிஸ்டம். அணைந்த நேரத்துக்குப் பக்கத்தில் சிவப்பு அடையாளத்தோடு 'கெர்னல்-பவர் 41' என்று ஒன்று இருக்கும். அதைக் கண்டதும் "பவர் சப்ளை போய்விட்டது" என்று முடிவுகட்ட வேண்டாம். முந்தைய தடவை ஒழுங்காக மூடப்படவில்லை என்று, மறுபடி எழும்பிய பிறகு விண்டோஸ் எழுதும் குறிப்பு அது. கரண்ட் போனாலும் அதே 41தான், நீங்களே பிளக்கைப் பிடுங்கினாலும் அதே 41தான்.

பயனுள்ள தகவல் அதன் 'டீடெயில்ஸ்' பக்கத்தில் இருக்கிறது. பக்செக்கோட் என்ற வரியில் 0 இருந்தால் விண்டோஸுக்கு எதையும் பதிய அவகாசமே கிடைக்கவில்லை, பெரும்பாலும் கரண்ட் அறுந்திருக்கிறது. 278 என்றால் கிராபிக்ஸ் கார்டோ டிரைவரோ பதில் சொல்லாமல் நின்றிருக்கிறது. 292 என்றால் பிராசசர், மதர்போர்ட் பக்கத்து ஹார்ட்வெயார் பிழை. பவர்பட்டன்டைம்ஸ்டாம்ப் என்ற வரியில் 0 தவிர வேறு எண் இருந்தால் யாரோ பவர் பட்டனை அமுக்கியிருக்கிறார்கள், அல்லது பட்டன் தானாக இறுகி நிற்கிறது. பட்டியலில் 'கெர்னல்-பவர் 86' கண்ணில் பட்டால் தேடல் முடிந்தது. சூடு எல்லை மீறியதால் விண்டோஸே அணைத்திருக்கிறது.

அப்படியே சிஸ்டம் புரொப்பர்ட்டீஸில் 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி'க்குப் போய், ஓட்டோமெட்டிக் ரீஸ்டார்ட்டின் சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். நீலத் திரை வந்தால் ஓடிவிடாமல் நிற்கும்.

சுவர், வயர் கோட், யூ.பி.எஸ்

வெளிநாட்டு வீடியோக்கள் இந்த இடத்தைப் பத்து விநாடியில் தாண்டிவிடும். நம் பக்கத்தில் நான் அதிக நேரம் செலவழிப்பது இங்கேதான்.

பிளக்கைக் கழற்றி முள்ளைப் பாருங்கள். பழுப்பு நிறக் கருகல், உருகிய ஓரம், ஓடிக்கொண்டிருக்கும்போது தொட்டால் சூடு, இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த சொக்கெட்டை மாற்ற வேண்டும். பழைய வீடுகளில் இன்னும் உருண்டை முள் சொக்கெட்டுகள் இருக்கின்றன. அதில் ஒரு அடப்டர், அடப்டரில் வயர் கோட் (எக்ஸ்டென்ஷன்), வயர் கோட்டில் மொனிட்டர், ரவுட்டர், ஸ்பீக்கர், மேசை ஃபேன், போன் சார்ஜர் என்று தொங்கும். ஒவ்வொரு இணைப்பும் தளர்வதற்கு ஒரு வாய்ப்பு. கல்லடி, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று கடலை ஒட்டிய ஊர்களில் உப்புக் காற்று வேறு. பித்தளைத் தகட்டில் பச்சை படிந்திருக்கும். கேசிங்கின் பின்பக்கம் போகும் பவர் கேபிளையும் அசைத்துப் பாருங்கள். மொனிட்டரோடு வந்த மெல்லிய கேபிளைக் கொம்பியூட்டருக்குப் போட்டிருந்தால் தடித்த ஒன்றை வாங்குங்கள்.

அடுத்தது வோல்ட்டேஜ். நமக்கு வர வேண்டியது 230 வோல்ட், கூடக்குறைய 6 வீதம். அதாவது 216 முதல் 244 வரை. பின்னேரம் ஆறரைக்குப் பிறகு ஊர் முழுக்க லைட், ஃபேன், ஏசி ஓடும்போது லைனின் கடைசி வீடுகளுக்கு அது குறைந்து வரலாம். சொக்கெட்டில் செருகினால் வோல்ட்டேஜைக் காட்டும் சின்ன மீட்டர்கள் கடைகளில் கிடைக்கின்றன. மல்டிமீட்டரைச் சுவர் சொக்கெட்டுக்குள் விட்டுப் பழக்கமில்லாதவர் அதைச் செய்ய வேண்டாம்.

யூ.பி.எஸ்ஸுக்கு வருவோம். வீடுகளில் அதிகம் காண்பது 650 வீ.ஏ (வோல்ட்-ஆம்பியர்) அளவு. பின்னால் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள், பெரும்பாலும் 360 அல்லது 390 வாட் என்றுதான் இருக்கும். இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஆர்.டி.எக்ஸ் 3060 கார்ட் 170 வாட். ரைசன் 5 5600 பிராசசர் உச்சத்தில் 76 வாட். மதர்போர்ட், ராம், டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்து ஒரு 60. மொத்தம் ஏறக்குறைய 306. பவர் சப்ளைக்குள் 15 வீதம் சூடாக வீணாகிறது என்று வைத்தால் சுவரிலிருந்து இழுப்பது 360. மொனிட்டருக்கு 25 சேர்த்தால் 385. அளவான ஒரு கேமிங் மெஷினே அந்த யூ.பி.எஸ்ஸின் கழுத்துவரை வந்துவிட்டது. இதைவிடப் பெரிய கார்ட் போட்டால் சொல்லவே வேண்டாம்.

லேபிளில் எழுதியிருப்பது புதுப் பட்டரிக்கான கணக்கு. உள்ளே இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி ஈய அமிலப் பட்டரி நம் வெக்கையில் இரண்டு மூன்று வருடத்தில் வயிறு வீங்கிவிடும்.

களுவாஞ்சிக்குடியில் ஒரு வீட்டில் இப்படித்தான். பகலில் எவ்வளவு விளையாடினாலும் ஒன்றும் இல்லை. பின்னேரத்தில் மட்டும் அணையும். தம்பி கிராபிக்ஸ் கார்டை விற்கும் யோசனைக்கே வந்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது, வளவில் தண்ணி மோட்டரைப் போட்டதும் லைட் ஒரு கணம் மங்கியது, யூ.பி.எஸ்ஸுக்குள் 'டிக்' என்றது, கொம்பியூட்டர் போய்விட்டது. மோட்டர் எடுப்பில் வோல்ட்டேஜ் விழ, யூ.பி.எஸ் பட்டரிக்கு மாறுகிறது. அந்தப் பாரத்தைப் பட்டரியால் ஒரு நொடி தாங்க முடியவில்லை. அதே நேரத்தில் யூடியூப் மட்டும் ஓடியிருந்தால் தாங்கியிருக்கும். பட்டரியை மாற்றி, மொனிட்டரை யூ.பி.எஸ்ஸிலிருந்து கழற்றியதோடு வேலை முடிந்தது.

யூ.பி.எஸ் பட்டரிக்கு மாறும் அந்தச் சில மில்லி விநாடி இடைவெளியைப் பவர் சப்ளைதான் தன் கெப்பாசிட்டரில் உள்ளதைக்கொண்டு சமாளிக்க வேண்டும். பாரம் கூடக்கூட அந்தத் தாக்குப்பிடிப்பு குறையும். மலிவுப் பவர் சப்ளைகளில் அது தொடக்கத்திலேயே குறைவு. போதாததற்கு, மலிவு யூ.பி.எஸ்கள் பட்டரியில் ஓடும்போது சுத்தமான அலை தருவதில்லை. நல்ல தரத்து ஆக்டிவ் பி.எஃப்.சி (இழுக்கும் கரண்டைத் தானே சீராக்கும் வகை) பவர் சப்ளைகள் சில அதை ஏற்காமல் நின்றுவிடும்.

ஆகவே சோதனை இது: யூ.பி.எஸ்ஸையும் வயர் கோட்டையும் ஒதுக்கிவிட்டு, கொம்பியூட்டரை நேரே சுவரில், முடிந்தால் வேறு அறைச் சொக்கெட்டில் செருகி, வழக்கமாக அணையும் நேரத்தில் அதே கேமை ஓடவிடுங்கள். இடி மின்னல் காலத்தில், குறிப்பாக சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும், பின்னேர வானத்தைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். அணையவில்லை என்றால் கேசிங்கைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை.

சூடு

சுவரில் நேரே போட்டும் அணைந்தால் அடுத்தது இது. எச்.டபிள்யூ.இன்ஃபோ என்ற இலவச புரோகிராமைப் போட்டு, சென்சர் பக்கத்தில் லொக்கிங்கைத் தொடங்கிவிட்டு விளையாடுங்கள். அது இரண்டு விநாடிக்கு ஒருமுறை எல்லா அளவீட்டையும் ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே இருக்கும். அணைந்து எழும்பியதும் அந்தக் கோப்பை எக்செலில் திறந்து கடைசி வரிகளைப் படியுங்கள்.

பிராசசர் 95, 100 டிகிரியைத் தொட்டு, அதன் வேகம் படிப்படியாகக் குறைந்து, அதன்பிறகு அணைந்திருந்தால் சூடு. இன்டெல் பிராசசர்களில் பெரும்பாலும் எல்லை 100 டிகிரி. ரைசன் 7000 வரிசை 95இல் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது, அந்த எண்ணை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். எந்த நவீன பிராசசரும் சூடு கூடும்போது முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அணைவது கடைசிக் கட்டம். கேம் கொஞ்சமும் திக்காமல் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று நின்று, கடைசி வரியில் 68, 72 என்று இருந்தால் சூட்டை மறந்துவிட்டுப் பவர் சப்ளைக்குப் போங்கள். கிராபிக்ஸ் கார்டில் சாதாரண வெப்பநிலையோடு 'ஹொட்ஸ்பொட்' (கார்டின் மிகச் சூடான புள்ளி) என்ற வரியையும் பாருங்கள். இரண்டுக்கும் 25, 30 டிகிரி வித்தியாசம் இருந்தால் கார்டுக்குள் பேஸ்ட் காய்ந்திருக்கிறது. 2022 செப்டம்பரில் இதீரியம் மைனிங் (டிஜிட்டல் நாணயத்துக்காகக் கார்டை இடைவிடாமல் ஓட்டுவது) நின்றபின் சந்தைக்கு வந்த பழைய கார்டுகளில் இதை எதிர்பார்க்கலாம்.

இணையத்தில் காட்டும் வெப்பநிலைகள் 22, 25 டிகிரி அறையில் எடுத்தவை என்பதையும் நினைவில் வையுங்கள். ஆனி ஆடியில் கச்சான் காற்று வீசும்போது, சீற் போட்ட அறையில் பின்னேரம் 33, 34 டிகிரி இருக்கும். அந்தப் பத்து டிகிரி அப்படியே உள்ளே ஏறும்.

காசில்லாத சோதனை: கேசிங்கின் பக்கக் கதவைக் கழற்றி மேசை ஃபேனை நேரே உள்ளே அடிக்கவிடுங்கள். முன்பு பத்து நிமிடத்தில் அணைந்தது இப்போது அணையவே இல்லை என்றால் காரணம் சூடுதான். நிரந்தரமாக அப்படியே விட்டுவிடாதீர்கள். பல்லி குடிவந்துவிடும், பவர் சப்ளைக்குள் பல்லி செத்தால் செலவு பெரிது.

சுத்தம் செய்வதென்றால் பிளக்கைக் கழற்றி, கேசிங்கை விறாந்தைக்குக் கொண்டுபோய், புளோவரால் அடியுங்கள். ஃபேன் இதழை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வேகமாகச் சுழன்று பெயரிங் கெடும். சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் வட்டைக்கு (வயல்வெளிக்கு) அருகில் இருப்பவர்கள் நெல் வெட்டு முடிந்ததும் ஒருமுறை திறந்து பாருங்கள். ஹீட்சிங்கின் இடுக்கில் நெல் தூசி கம்பளிபோல் படிந்திருக்கும். இன்டெல்லோடு வரும் கூலரின் நாலு பிளாஸ்டிக் முளைகளில் ஒன்று ஒழுங்காகப் பூட்டாமல் இருப்பது மிகச் சாதாரணம். ஒவ்வொன்றையும் மெல்ல இழுத்துப் பாருங்கள். பேஸ்ட் காய்ந்திருந்தால் பழையதை ஐசோபுரொப்பைல் அல்கஹோலால் துடைத்துவிட்டு, நடுவில் பட்டாணி அளவு வைத்தால் போதும்.

பவர் சப்ளை

சூடு இல்லை, சுவர் நல்லது, பக்செக்கோட் 0. இனிப் பெரும்பாலும் இதுதான்.

முதலில் கேபிள்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, மதர்போர்டின் 24 பின், பிராசசருக்கு மேலே இருக்கும் 8 பின், கார்டின் கேபிள் எல்லாவற்றையும் கழற்றித் திரும்ப 'கிளிக்' கேட்கும்வரை அழுத்துங்கள். கார்டுக்கு இரண்டு 8 பின் வேண்டுமென்றால் பவர் சப்ளையிலிருந்து இரண்டு தனிக் கேபிள்கள் போக வேண்டும். ஒரே கேபிளின் நுனியில் இரண்டு தலை தொங்கும் வகையைக் குத்தினால் 300 வாட் ஒரே வயரில் போகும். ஒரு 8 பின்னுக்குச் சொல்லப்பட்ட அளவு 150 வாட்தான். பல மெஷின்களில் இந்த ஒரு மாற்றமே போதுமாக இருக்கும். பெட்டிக்குள் மிச்சக் கேபிள் பிரிக்காமலேயே கிடக்கும். புதிய கார்டுகளில் வரும் சின்ன 16 பின் இணைப்பு அரைகுறையாக நின்றால் அணைவது மட்டுமல்ல, உருகும். இடைவெளியே தெரியாமல் உள்ளே போக வேண்டும்.

பிறகு பாரத்தைக் குறைத்துப் பார்க்கும் சோதனை. எம்.எஸ்.ஐ ஆஃப்டர்பர்னர் என்ற புரோகிராமில் கார்டின் பவர் லிமிட்டை 70 வீதத்துக்கு இறக்கி, கேமை 60 எஃப்.பி.எஸ்ஸில் (விநாடிக்கு 60 படம்) கட்டிவிட்டு விளையாடுங்கள். வெப்பநிலை முன்பும் சாதாரணமாகவே இருந்து, இப்போது அணையாமல் ஓடினால் பவர் சப்ளையால் முழுப் பாரம் தூக்க முடியவில்லை. புதியது வாங்கக் காசு சேரும்வரை அப்படியே விளையாடலாம். கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் சொற்பம்.

இன்னும் உறுதி வேண்டுமானால் ஓ.சி.சி.டி என்ற சோதனை புரோகிராம் இருக்கிறது. பிராசசர் சோதனையை மட்டும் கால்மணி நேரம் ஓட்டுங்கள். பிறகு கார்டை மட்டும். தனித்தனியே தாங்கி, இரண்டையும் சேர்த்து இழுக்கும் பவர் சோதனையில் விழுந்தால் வேறு சாட்சி தேவையில்லை. பெயர் தெரியாத பவர் சப்ளையில் இதை ஓடவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாதீர்கள். பக்கத்திலேயே இருந்து, கருகல் மணம் வந்தால் சுவரில் அணையுங்கள்.

"650 வாட் என்று பெட்டியில் எழுதியிருக்கே?" என்று கேட்பார்கள். பக்கத்து லேபிளில் 12 வோல்ட் வரியைப் படியுங்கள். கார்டும் பிராசசரும் குடிப்பது அதை மட்டும்தான். 12 வோல்ட்டில் 30 ஆம்பியர் என்றால் 360 வாட், மிச்சமெல்லாம் அலங்காரம். கேசிங்கோடு இலவசமாக வந்தவை பலவற்றின் கதை இதுதான். தரமானதும் வயது போனால் கெப்பாசிட்டர் தளர்ந்துவிடும். தவிர, கார்டுகள் மில்லி விநாடிக்கும் குறைந்த நேரத்துக்குத் தங்கள் அளவைவிட மிகக் கூடுதலாக இழுக்கும்; 2022இல் வந்த ஏ.டி.எக்ஸ் 3.0 என்ற பவர் சப்ளைத் தரம் அந்தத் துள்ளலைத் தாங்குவதையும் கணக்கில் எடுத்து எழுதப்பட்டது.

பவர் சப்ளையைத் திறந்து திருத்துவதற்கு நான் யாருக்கும் சொல்லமாட்டேன். பிளக்கைக் கழற்றிய பின்னும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். கிளிப்பால் இரண்டு பின்னைத் தொடுத்து "ஃபேன் சுத்துது, சப்ளை நல்லம்" என்று கடையில் காட்டுவதும் இந்தக் கோளாறுக்குச் சான்றில்லை. பாரமே இல்லாமல் எதுவும் சுற்றும். நண்பரிடம் நல்லது ஒன்று இரவல் கிடைத்தால் மாட்டிப் பார்ப்பதே சரியான வழி. மொடியூலர் வகையானால் (கேபிள்கள் கழன்று வரும் வகை) அதனுடைய கேபிள்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய கேபிள் பொருந்துவதுபோல் தெரியும், ஆனால் பின் ஒழுங்கு மாறியிருந்தால் டிஸ்க் எரியும்.

இவ்வளவும் பார்த்தும் அணைந்தால்

பயோஸில் (விண்டோஸுக்கு முன் வரும் மதர்போர்டின் செட்டிங் திரை) ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்.எம்.பி அல்லது எக்ஸ்போவை ஓஃப் பண்ணுங்கள், ஓவர்குளொக் (வேகத்தைக் கூட்டிவைத்தது) ஏதும் இருந்தால் எடுங்கள். ராமைக் கழற்றி, தங்க நிற விளிம்பைத் துடைத்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். கடலோர வீடுகளில் இது பலன் தரும். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ ஓர் இரவு ஓடவிடலாம். இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டொப் பிராசசர்களில் கேம் நொறுங்கும் கோளாறு ஒன்றை இன்டெல்லே 2024இல் ஏற்றுக்கொண்டு திருத்தம் வெளியிட்டது. அந்த வகை உங்களிடம் இருந்தால் புதிய பயோஸ் கட்டாயம்.

கேசிங்கின் பவர் பட்டன், ரீசெட் பட்டன் வயர்களை மதர்போர்டிலிருந்து கழற்றிவிட்டு, பவர் பின் இரண்டையும் ஸ்க்ரூட்ரைவரால் ஒரு கணம் தொட்டு எழுப்பி விளையாடிப் பாருங்கள். துருப்பிடித்த பட்டன் செய்யும் வேலையை மதர்போர்டின் தலையில் கட்டியவர்கள் உண்டு.

கடைக்குக் கொண்டுபோக வேண்டி வந்தால் அந்த லொக் கோப்பையும், ஈவன்ட் வியூவர் படத்தையும், நேரே சுவரில் போட்டும் அணைகிறது என்ற தகவலையும் சேர்த்துக் கொடுங்கள். "அண்ணன், விண்டோஸ் அடிக்க வேணாம், வேறு பவர் சப்ளை போட்டு ஒரு மணித்தியாலம் கேம் ஓட்டிப் பாருங்க" என்று தெளிவாகச் சொல்லுங்கள். புதியது வாங்குவதானால் கார்ட் நிறுவனம் பரிந்துரைக்கும் அளவுக்குக் குறையக் கூடாது. 3060க்கு அது 550 வாட். 80 பிளஸ் என்ற மின் திறன் முத்திரையோடு 12 வோல்ட் வரியையும், உத்தரவாதக் காலத்தையும் பார்த்து வாங்குங்கள். மாட்டியபின் காலைக் குளிரில் ஓட்டித் திருப்திப்படாமல், வெக்கையான ஒரு பின்னேரத்தில், மோட்டர் ஓடும் நேரத்தில், அதே கேமை அதே செட்டிங்கில் ஓட்டிப் பாருங்கள்.